எட்டுக் கால் ரூம்மேட் வேணுமா பாஸ்?

நாய் வளர்க்கிறவங்க ஒரு டைப். மீன் தொட்டி வைக்கிறவங்க இன்னொரு டைப். இப்போ மூணாவதா ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கு. கண்ணாடி டப்பாவுக்குள்ள, விரிச்ச உள்ளங்கை சைஸ்ல ஒரு சிலந்தி! 'நான் டாரண்டுலா வளர்க்கிறேன்'னு சொன்னா கேம்பஸே திரும்பிப் பார்க்கும். வீடியோ போட்டா லைக்ஸ் கொட்டும். உங்களுக்கும் அந்த ஆசை எட்டிப் பார்த்திருக்கா? அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. நம்ம ஊர்க் கதை ஒண்ணு இருக்கு.

முதல்ல ஜாதகம். டாரண்டுலாவில் தரையில் வளை தோண்டி வாழ்ற வகை உண்டு. மரப்பொந்தில் குடியிருக்கிற வகையும் உண்டு. மரத்து ஆட்களில் சூப்பர் ஸ்டார் யார்னா, 'பொயிசிலோதீரியா'ங்கிற குடும்பம். கிரேக்க மொழியில் 'புள்ளி போட்ட காட்டு விலங்கு'ன்னு அர்த்தம். பேருக்கு ஏத்த மாதிரியே உடம்பெல்லாம் கறுப்பு, சாம்பல், வெள்ளைக் கோலம். மரப்பட்டையில் ஒட்டிக்கிட்டா கண்ணுக்கே தெரியாது. சீண்டினா மட்டும் முன்னங்காலைத் தூக்கி, அடியில் இருக்கிற மஞ்சளைக் காட்டும். 'கிட்ட வராதே'ன்னு போர்டு மாட்டுற மாதிரி!

இந்தக் குடும்பம் இயற்கையா வாழ்றது உலகத்துலேயே ரெண்டே நாட்டில்தான். இந்தியா, இலங்கை. அதுலயும் நம்ம பக்கத்துக்குத் தனி மரியாதை. 1899-ல் லண்டன் மியூசியத்தைச் சேர்ந்த போகாக் என்ற விஞ்ஞானி இந்தியச் சிலந்திகளுக்கு வரிசையாப் பேர் வெச்சார். 'ரீகாலிஸ்' என்ற வகைக்கு ஆதார மாதிரி கிடைச்ச ஊர் எது தெரியுமா? நாம ரயில் மாறுகிற அதே அரக்கோணம்! 'ஃபார்மோசா' என்ற வகை சேலம் பக்கம். ராமேஸ்வரத்தில் ஒரு வகை 2004-ல்தான் பேர் வாங்கிச்சு, அங்கே உள்ள அனுமன் கோயிலின் பேரில்.

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம், கோமுகி அணை எல்லாம் தாண்டி வெள்ளிமலைக்குப் போயிருக்கீங்களா? கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு கண்ணி. அரக்கோணத்துக்கும் சேலத்துக்கும் நடுவுல இந்த வரிசைதான் ஓடுது. ஃபால்ஸ்ல குளிச்சுட்டு, செல்ஃபி எடுத்துட்டு இறங்கி வந்துடுவோம். ஆனா அங்கே இருக்கிற பழைய புளியமரம், பலாமரத்தை யாராவது நின்னு பார்க்கிறோமா? மரச்சிலந்திக்கு வீடு அந்த மாதிரி முதிர்ந்த மரத்தின் பொந்துதான். அஞ்சு வருஷக் கன்றில் பொந்து கிடைக்காது. பொந்து விழ ஐம்பது, நூறு வருஷம் ஆகும். சில சமயம் ஒரே பொந்தில் தாயும் குட்டிகளுமா கூட்டுக் குடும்பமே நடத்தும். அந்த மரத்தை விறகுக்கு வெட்டினா, மொத்தக் குடும்பமும் காலி.

இப்ப கதையின் சோகக் காட்சி. ஆந்திராவில் குத்தி ரயில்வே ஜங்ஷன். அங்கே ரயில்வேயின் மரக் கிடங்கில் கிடைச்ச ஒரே ஒரு சிலந்தியை வெச்சு அதே 1899-ல் 'மெட்டாலிகா'ன்னு பேர் வெச்சாங்க. உயிரோட இருக்கும்போது பளபளன்னு நீலம். அது சாயமே இல்ல பாஸ். ரோமத்துக்குள்ள இருக்கிற நுண்ணிய அமைப்பில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கிற நீலம்! அப்புறம் நூறு வருஷத்துக்கும் மேல யார் கண்ணிலும் படல. 2001-ல் நந்தியால் – கித்தலூர் நடுவே உள்ள காட்டில் மறுபடி கண்டுபிடிச்சாங்க. விஞ்ஞானிகள் சந்தோஷப்பட்டு முடிக்கிறதுக்குள்ள, சில வருஷத்திலேயே ஐரோப்பா, அமெரிக்காவில் அது விலைக்கு வந்துடுச்சு. எப்படிப் போச்சுன்னு சொல்லவே வேணாம். 2008-ல் 'அழிவின் விளிம்பில்'னு சிவப்புப் பட்டியலில் சேர்த்தாங்க. அதுக்குன்னு மிச்சம் இருக்கிறது 100 சதுர கிலோமீட்டர்கூட இல்லாத காடு.

'அதான் வெளிநாட்டில் டப்பாவிலேயே குட்டி போட வைக்கிறாங்களே, இனம் பிழைச்சுக்குமே?'ன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். வீட்டில் பிறந்ததை வாங்கினா, காட்டில் பிடிக்கிறது கொஞ்சம் குறையும், உண்மை. ஆனா டப்பாவில் பிறந்தது காட்டுக்குத் திரும்பிப் போறதில்ல. அதோட பூர்வீகம் எந்தக் காடு, எந்தக் கலப்புன்னு பல சமயம் விக்கிறவருக்கே தெரியாது. வெட்டின மரத்தை எந்தக் கண்ணாடி டப்பாவும் திருப்பித் தராது.

சட்டம் என்ன சொல்லுது? வனவிலங்கு வர்த்தகத்துக்கான 'சைட்ஸ்' ஒப்பந்தத்தில் இந்தக் குடும்பம் முழுசையும் சேர்த்தது 2019 நவம்பர் 26-ல் அமலுக்கு வந்துச்சு. அதே தேதியில் இங்கே ஒரு விசேஷம். விழுப்புரத்திலிருந்து பிரிஞ்சு கள்ளக்குறிச்சி தனி மாவட்டமா உதயமானதும் அன்னிக்குத்தான்! மாவட்டத்துக்கும் சிலந்திக்கும் ஒரே நாளில் புது அந்தஸ்து. நம்ம வனவிலங்குச் சட்டத்திலும் 2022-ல் திருத்தம் கொண்டுவந்து, சைட்ஸ் பட்டியல் உயிர்களை வெச்சிருக்கிறவங்க பதிவு பண்ணியே ஆகணும்னு ஆக்கிட்டாங்க. காப்புக்காட்டிலிருந்து எதையாவது பிடிச்சுட்டு வந்தா, அது தனி வில்லங்கம்.

'தபால்ல வரவழைச்சுக்கலாம்'னு யோசிக்கிற புத்திசாலிக்கு ஒரு தகவல். 2021 ஜூலையில் சென்னையில் வெளிநாட்டுத் தபால் அலுவலகத்தில் போலந்திலிருந்து வந்த ஒரு பார்சலைப் பிரிச்சாங்க. அருப்புக்கோட்டை முகவரி. உள்ளே சில்வர் ஃபாயிலும் பஞ்சும் சுத்தின 107 குட்டிக் குப்பிகள். ஒவ்வொண்ணிலும் உயிரோட ஒரு சிலந்தி! அமெரிக்கக் கண்டத்து டாரண்டுலான்னு நிபுணர்கள் சந்தேகப்பட்டாங்க. பறிமுதல் பண்ணி, திருப்பி அனுப்ப ஏற்பாடு செஞ்சாங்க. மாத்திரை டப்பா மாதிரி ஒரு குப்பியில் கண்டம் விட்டுக் கண்டம் போறதுன்னா, அந்த ஜீவன் என்ன பாடுபட்டிருக்கும்?

சரி, எல்லாம் சட்டப்படியே இருக்குன்னு வெச்சுக்குவோம். ஹாஸ்டல் ரூமுக்கு இது சரிப்படுமா? நாய்க்குட்டி மாதிரி உங்களை அடையாளம் தெரிஞ்சுக்காது. பகல் பூரா தூக்கம். தென் அமெரிக்க வகைகள் மாதிரி அரிக்கிற ரோமத்தை உதறிப் பயமுறுத்தவும் இதுக்குத் தெரியாது. தெரிஞ்சது ரெண்டே வித்தை, மின்னல் ஓட்டமும் கடியும். கடிச்சா உயிர் போனதா மருத்துவப் பதிவு இல்ல. ஆனா கடுமையான வலியும் தசைப்பிடிப்பும் வரும். தசைப்பிடிப்பு நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில்கூட விட்டு விட்டு வரலாம். செமஸ்டர் நேரத்தில் தேவையா? இன்னொண்ணு, பெண் சிலந்தி பத்து வருஷத்துக்கு மேலயும் வாழும். நீங்க டிகிரி முடிச்சு, வேலை தேடி, கல்யாணம் பண்ணின பிறகும் அது டப்பாவுக்குள்ளயே இருக்கும். அப்போ கரப்பான்பூச்சி பிடிச்சுப் போடப்போறது யாரு... அம்மாவா?

ஆர்வம் இருக்கிறது நல்ல விஷயம்தான். அதை இப்படித் திருப்பி விடுங்க. மாநாடு, செமினார் எதுவும் வேணாம். காலேஜ் வளாகத்தில் இருக்கிற பழைய மரங்களை எண்ணுங்க. 'பட்டுப்போச்சு, வெட்டிடலாம்'னு பேச்சு வந்தா, பொந்தில் யார் குடியிருக்காங்கன்னு பார்த்த பிறகு முடிவெடுக்கச் சொல்லுங்க. பெரிய சிலந்தி வீட்டுக்குள்ள வந்தா செருப்பைத் தூக்காதீங்க. இலங்கை மாங்குளத்தில் கண்டுபிடிச்சு 2012-ல் பேர் வெச்ச 'ராஜாயி' வகை, ஆஸ்பத்திரியின் பழைய டாக்டர் குவார்ட்டர்ஸில் கூட இருந்துச்சு. காடு சுருங்கினா அது எங்கேதான் போகும்? போட்டோ எடுத்துப் போடுங்க, தப்பில்ல. ஆனா எந்த மரம், எந்த வளைவுன்னு மட்டும் எழுதாதீங்க. பிடிச்சு விக்கிறவனும் அதே படத்தைப் பார்ப்பான்.

அடுத்த தடவை வெள்ளிமலை பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சா, ஃபால்ஸ் எப்ப வரும்னு கேட்கிறதுக்கு முன்னாடி ரோட்டோரப் புளியமரத்தை ஒரு தடவை பாருங்க. அந்த எட்டுக் கால் ரூம்மேட்டுக்கு ஏற்கெனவே ஒரு ரூம் இருக்கு பாஸ். காலி பண்ணச் சொல்லாம இருந்தாலே போதும்!