மணிவாசகர் கருவியல் பாடம் நடத்தவில்லை

பொழிச்சலூர் அகத்தீஸ்வரர் கோயிலை வட திருநள்ளாறு என்பார்கள். சனிக்கிழமைகளில் எள் விளக்கேற்ற வரும் கூட்டத்தில் பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்களும் உண்டு, வயிற்றுப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்று வருகிறவர்களும் உண்டு. அகத்தியர் வழிபட்ட தலம் என்பதால் பிரகாரத்துப் பேச்சு எளிதில் மருத்துவத்துக்குத் தாவிவிடும். அப்போது தவறாமல் எழும் ஒரு வாதம் இது: திருவாசகத்தின் போற்றித் திருவகவலில் மாணிக்கவாசகர் கருவின் வளர்ச்சியை மாதம் மாதமாகப் பாடிவிட்டார், ஸ்கேன் இல்லாத காலத்திலேயே இன்றைய கருவியல் முழுவதையும் சொல்லிவிட்டார், ஆகவே திருமுறைகள் மருத்துவ நூல்கள்தாம்.

திருவாசகத்தைச் சிறுவயது முதல் ஓதி வருகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன். இந்த வாதம் தவறானது. சில இடங்களில் ஆபத்தானதும்கூட.

முதலில் விந்தணு. தாயின் வயிற்றில் கிருமிகளின் போருக்குத் தப்பியதாக அந்தப் பாடலில் ஓரிடம் வருகிறது. கோடிக்கணக்கான விந்தணுக்கள் முட்டையை நோக்கி முண்டியடிப்பதைத்தான் அவர் சொல்கிறார் என்கிறார்கள். அவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது: முதல் மாதத்தைச் சொல்வதற்கு முன்பே இந்தக் கிருமிகள் வந்துவிடுகின்றன. ஆனால் பழைய மருத்துவத்தில் கிருமி என்றால் புழு. சரகர் 20 வகைக் கிருமிகளைக் கணக்கிட்டிருக்கிறார். பாகவதத்தின் மூன்றாம் ஸ்கந்தத்திலும் கருப்பையில் கிடக்கும் சிசுவைப் புழுக்கள் கடித்துப் புண்ணாக்குகின்றன. மணிவாசகர் அஞ்சுவதும் அந்த வேதனைக்குத்தான். அதோடு, கருமுட்டை என்ற ஒன்றை அன்று யாரும் கண்டதில்லை. ஆணின் சுக்கிலமும் பெண்ணின் சுரோணிதமும் கலந்து கரு உண்டாவதாகவே ஆயுர்வேதமும் சித்தமும் சொல்லின. லேவன்ஹூக் நுண்ணோக்கியில் விந்தணுவைப் பார்த்தது 1677இல். பாலூட்டிகளின் கருமுட்டையை வான் பேயர் கண்டது 1827இல். முட்டையே தெரியாத காலத்துப் பாட்டில் முட்டையை நோக்கிய பந்தயத்தை நாம்தான் கொண்டுபோய் வைக்கிறோம்.

அடுத்தது தான்றிக்காய். முதல் மாதத்தில் கரு தான்றிக்காய் அளவில் இருக்கும்போது இரண்டாகப் பிளவுபடாமல் தப்பியது என்று உரை சொல்வார்கள். இரட்டைக் கரு உருவாகும் விதத்தை இது அப்படியே விளக்குகிறதாம். பல்லாவரம் நாட்டு மருந்துக் கடையில் திரிபலாவுக்கு வாங்கும் தான்றிக்காய் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ ஓர் அங்குலம் இருக்கும். கருத்தரித்த நான்காம் வாரத்தில் கருவின் நீளம் சுமார் அரை சென்டிமீட்டர்தான். ஒரே கரு இரண்டாகப் பிரிவதென்றால் அதுவும் முதல் இரண்டு வாரங்களுக்குள் நடந்து முடிந்திருக்கும். ஆனால் கருவைச் சுற்றியிருக்கும் பையையும் சேர்த்துக்கொண்டால் அளவு தான்றிக்காயை நெருங்குகிறது. எனக்கு உண்மையான வியப்பு இந்த இடத்தில்தான். அந்த அளவு தெரிந்திருக்கிறது என்றால் யாரோ அதைக் கண்ணால் பார்த்திருக்கவேண்டும். கலைந்து விழுந்த கருவைக் கையில் ஏந்தி, எத்தனை நாள் தள்ளிப்போயிருந்தது என்று தாயிடம் கேட்டு, அளவை மனத்தில் வைத்துக்கொண்ட மருத்துவச்சிகளாகத்தான் அவர்கள் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். எல்லாம் ஞானதிருஷ்டி என்று முடித்துவிட்டால் அந்தப் பெண்களின் அறிவுக்கு ஒரு வரவுகூட இல்லாமல் போய்விடுகிறது.

எட்டாம் மாதத்துக்கு வருவோம். பாடல் அந்த மாதத்தின் கஷ்டத்தை மட்டும் சொல்கிறது. சுசுருத சம்ஹிதையோ எட்டாம் மாதத்தில் ஓஜஸ் என்ற உயிராற்றல் நிலையாக இருக்காது, அப்போது பிறக்கும் குழந்தை பிழைக்காது என்கிறது. கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டஸ் பெயரில் வழங்கும் தொகுதியில் எட்டு மாதக் குழந்தையைப் பற்றியே தனி நூல் ஒன்று உண்டு. ஆக இது நமக்கு மட்டும் தெரிந்திருந்த ரகசியம் அல்ல. பழைய உலகம் பரவலாக நம்பியது. அந்த நம்பிக்கை தவறு. நிறைமாதம்வரை கருப்பையில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். ஏழில் பிறந்ததைவிட எட்டில் பிறந்தது பிழைக்கவே வாய்ப்பு அதிகம். குறைமாதப் பிரசவம் நெருங்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிர்கிறது என்று நியூசிலாந்தில் லிக்கின்ஸும் ஹோவியும் 1972இல் காட்டினார்கள். இதெல்லாம் வந்து இத்தனை காலம் ஆகியும், “ஏழுல பொறந்தா தங்கும், எட்டுல பொறந்தா தங்காதும்மா” என்று பிரசவ வார்டு வாசலில் பாட்டிமார் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உள்ளே இன்குபேட்டரில் பேரன் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பான். அந்தப் பாட்டியின் பயத்துக்குத் திருமுறையின் முத்திரையும் விழுந்துவிட்டால் பெற்றவள் யாரிடம் போய்த் தைரியம் தேடுவாள்?

திருமந்திரத்தையும் இந்த வாதத்துக்குத் துணையாக இழுக்கிறார்கள். கரு உருவாவதைப் பற்றிய பாடல்கள் இரண்டாம் தந்திரத்தில் இருக்கின்றன. குழந்தை ஆணா பெண்ணா என்பது தந்தையால் அமைகிறது என்று திருமூலர் சொன்னார், குரோமோசோமும் அதையேதான் சொல்கிறது என்பது பேச்சு. திருமூலர் சொல்வது மூச்சை: வலப்பக்கம் ஓடினால் ஆண், இடப்பக்கம் ஓடினால் பெண், இரண்டும் ஒத்தால் அலி. நெட்டி ஸ்டீவன்ஸ் 1905இல் மாவுப்புழு வண்டுகளின் விந்தணுவில் கண்ட குரோமோசோம் வேறுபாட்டுக்கும் நாசித் துவாரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதை அறிவியல் என்று மேடையில் சொன்னால், ஆண் பிள்ளைக்கு மூச்சுக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு அது விளம்பரமாகிவிடும்.

அதைவிட வலிக்கிற பாடல் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தாயின் வயிற்றில் மலம் மிகுந்தால் பிள்ளை மந்தன், நீர் மிகுந்தால் ஊமை, இரண்டும் சேர்ந்தால் குருடு என்கிறது அது. அந்தக் காலத்து மருத்துவம் அவ்வளவுதான் அறிந்திருந்தது. திருமூலரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் திருமுறை முழுவதும் மருத்துவ நூல் என்கிறவர் இந்தப் பாடலையும் ஏற்றாகவேண்டும். பார்வையில்லாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சனீஸ்வரன் சந்நிதி வரிசையில் நிற்கும் தாயைப் பார்த்து, உன் வயிறுதான் காரணம் என்று சொல்லத் துணிவாரா? கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் குழந்தை கண்புரையோடு பிறக்கலாம் என்பதை ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941இல் கண்டறிந்தார். அதைத் தடுக்கும் தடுப்பூசி முகாம் 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தொடங்கியது. வதந்திகளுக்குப் பயந்து அப்போது பல பெற்றோர் தயங்கினார்கள். முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்ற பேச்சு அந்தத் தயக்கத்தை ஒருநாளும் கரைக்காது.

இப்படிச் சொல்வது திருவாசகத்தைச் சிறுமைப்படுத்துவதாகாதா என்று கேட்கிறார்கள். ஆகாது. பாடம் நடத்துகிறவர் கரு எப்படி வளர்கிறது என்று சொல்வார். மணிவாசகரோ மாதத்துக்கு மாதம் எதிலிருந்து தப்பினேன் என்று சொல்கிறார். பத்தாம் மாதத்தில் தாயும் பிள்ளையும் சேர்ந்தே துயரக் கடலில் தவிக்கிறார்கள். பிரசவத்தில் இரண்டு உயிருமே போகக்கூடிய காலத்தில், பிழைத்துவந்த ஓர் உயிரின் நன்றி அது. அன்றைய மருத்துவம் தெரிந்தால் அந்தப் பயம் எவ்வளவு நிஜமானது என்று புரியும். இன்றைய மருத்துவம் தெரிந்தால் அதில் எவ்வளவைத் தவிர்க்கலாம் என்று புரியும். அப்படியும் 2018–20 கணக்குப்படி தமிழ்நாட்டில் லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள்.

வருகிற மார்கழியில் பொழிச்சலூரிலோ பம்மலிலோ அனகாபுத்தூரிலோ இந்த அகவலுக்கு விளக்கம் சொல்லப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாட்டைப் பாட்டாகச் சொல்லுங்கள். கேட்க வந்திருக்கும் பெண்களிடம் ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்கச் சொல்லுங்கள். எட்டாம் மாதத்தில் வலி கண்டால் பயந்து வீட்டிலேயே கிடக்காமல் உடனே 108ஐ அழைக்கச் சொல்லுங்கள்.