எட்டு போர்ட் கார்டும் எட்டு யுஎஸ்பி வால்களும்

"சீரியல் போர்ட்டா? அது செத்து ரொம்ப நாளாச்சே!" என்று சொல்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. புது லேப்டாப்பில் அந்த ஒன்பது ஊசி சாக்கெட் இல்லை, ஆகவே உலகத்திலேயே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கிணற்றுத் தவளைக் கதைதான். எடைமேடை, சிஎன்சி மெஷின், பில் பிரிண்டர், பெரிய யுபிஎஸ், ரவுட்டர் கன்சோல், லேபில் இருக்கும் அளவுக் கருவிகள்... இவற்றில் எத்தனையோ இன்றைக்கும் 1960ல் பிறந்த ஆர்எஸ்-232 பாஷையில்தான் பேசுகின்றன.

சரி, ஒரே கணினியில் இப்படி எட்டு கருவிகளை இணைக்க வேண்டும். என்ன செய்வது? உடனே ஒரு யோசனை வரும். "எட்டு யுஎஸ்பி கன்வெர்ட்டர் வாங்கி ஒரு ஹப்பில் சொருகு, வேலை முடிந்தது." இந்த யோசனை தப்பு. சும்மா தப்பு இல்லை, பத்து வருடம் ஓட வேண்டிய ஒரு வேலையை யாரோ ஒருவர் கையில் அடகு வைக்கிற தப்பு.

அடகு என்ற வார்த்தை அதிகம் என்று தோன்றினால் 2014ல் நடந்ததைப் பாருங்கள். எஃப்டிடிஐ நிறுவனத்தின் யுஎஸ்பி-சீரியல் சிப்புக்குச் சந்தையில் ஏகப்பட்ட போலிகள் இருந்தன. அந்த வருடம் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அவர்களுடைய புது டிரைவர், போலி சிப்பைக் கண்டுபிடித்து அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதியது. நேற்று வரை ஓடிய கருவி இன்றைக்குக் கணினிக்கே தெரியவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். போலி செய்தவன் திருடன்தான், சந்தேகமில்லை. ஆனால் தண்டனை யாருக்கு? கடையில் காசு கொடுத்து வாங்கிய அப்பாவிக்கு. ப்ரொலிஃபிக் நிறுவனமும் லேசுப்பட்டதில்லை. அதன் புது விண்டோஸ் டிரைவர்கள் போலிகளோடு சேர்த்து, அவர்களே தயாரித்து விற்ற பழைய பிஎல்2303 சிப்புகளையும் ஏற்க மறுத்தன. 2012லேயே நிறுத்தப்பட்ட சரக்கு என்று ஒரு செய்தி, அவ்வளவுதான்.

இதைத் தவிர தினசரித் தொல்லைகள் வேறு. வரிசை எண் இல்லாத மலிவு கன்வெர்ட்டரை ஒரு சாக்கெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் விண்டோஸ் புதிதாக ஒரு காம் எண் கொடுக்கும். எண் ஒன்பதைத் தாண்டினால் பல பழைய புரோகிராம்களுக்கு அந்த போர்ட்டைத் திறக்கவே தெரியாது. பக்கத்தில் ஒரு மோட்டார் ஓடி ஹப் ஒரு நொடி தடுமாறினால் போதும், லினக்ஸில் எட்டு போர்ட்டும் வேறு வரிசையில் எழுந்து நிற்கும். எடைமேடையின் எடை பிரிண்டருக்குப் போகும்!

இதற்கு மாற்று, கணினிக்குள் பொருத்தும் மல்டிபோர்ட் சீரியல் கார்டு. ஆனால் இங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாது. ரிச்சி தெருவில் கார்டு கேட்கும்போது பெட்டியில் இருக்கிற பெயரைப் பார்க்காமல், கார்டில் ஒட்டியிருக்கும் சிப்பின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கேள்வி ஒன்றுதான்: இது 16550 வழி வந்த சிப்பா, இல்லை தனக்கென்று தனி டிரைவர் கேட்கிற சிப்பா?

1981ல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்தது 8250 என்ற யூஆர்ட் சிப். அதற்கு ஒரு எழுத்து வந்தால் உடனே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தது வந்து அதை அழித்துவிடும். 115200 வேகத்தில் எழுத்துக்குப் பத்து பிட் என்றால் நொடிக்கு 11520 எழுத்து. எட்டு போர்ட்டுக்கு 92160. அத்தனை முறையும் பிராசசரைத் தட்டி எழுப்பினால் அது வேறு வேலை எப்படிப் பார்க்கும்? பின்னால் வந்த 16550ஏ, 16 எழுத்துகளைத் தேக்கி வைக்கும் வரிசையோடு வந்தது. 16950 வகையில் அது 128 ஆனது. முக்கியமான விஷயம் என்னவென்றால், இவற்றின் ரெஜிஸ்டர்கள் ஊரறிந்த ரகசியம். லினக்ஸின் 8250 டிரைவர் இவற்றைத் தானாகவே ஓட்டும். யாருடைய சிடியும் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். விண்டோஸில் தயாரிப்பாளரின் டிரைவர் தேவைப்படலாம். அங்கே சிப்பின் பெயர் தெரிந்திருந்தால், கார்டு விற்றவர் காணாமல் போனாலும் டிரைவரைத் தேடிப் பிடிக்கலாம்.

தனி டிரைவர் கேட்ட கார்டுகள் என்ன ஆயின? ஒரு காலத்தில் சர்வர் அறைகளில் கொடிகட்டிப் பறந்த சைக்ளேட்ஸ் மல்டிபோர்ட் கார்டின் டிரைவர், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் 2021ல் லினக்ஸ் கர்னலிலிருந்தே நீக்கப்பட்டது. கார்டு நன்றாகத்தான் இருக்கிறது, பேசத்தான் ஆளில்லை. 8250 டிரைவரோ இன்றும் உயிரோடு இருக்கிறது, காரணம் அதை நம்பி இருப்பது ஒரு கம்பெனி மட்டுமில்லை, ஊரே.

"கார்டு போட்டால் தலைவலி" என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. அந்தக் கால ஐஎஸ்ஏ கார்டுக்கு அது நியாயம். காம் 1, 3 இரண்டுக்கும் ஒரே இன்டரப்ட் 4, காம் 2, 4 இரண்டுக்கும் 3. பகிர முடியாமல் இரண்டும் அடித்துக்கொள்ளும். பிசிஐ வந்ததும் இன்டரப்டைப் பகிர்வது முறையாகவே அனுமதிக்கப்பட்டது, அந்தச் சண்டை முடிந்தது. இன்றைக்கு மிச்சமிருக்கும் தலைவலிகள் நான்குதான், நான்குக்கும் மருந்து உண்டு.

ஒன்று, ஜம்பர். சில கார்டுகளில் ஒன்பதாவது ஊசியில் 5 அல்லது 12 வோல்ட் கொடுக்க வசதி இருக்கும். பில் பிரிண்டர், ஸ்கேனர் மாதிரி கருவிகளுக்காக வைத்தது. கேபிளை மாட்டும் முன் அதைப் பார்க்காதவர் கருவியைப் புகைக்கக் கொடுக்கலாம்.

இரண்டு, எண்ணிக்கை. பல லினக்ஸ் கர்னல்கள் நான்கு போர்ட்டுக்கு மட்டும் இடம் வைத்துக் கட்டப்பட்டவை. கார்டில் எட்டு இருந்தும் எல்லாம் தெரியாது. உடனே கார்டு செத்துவிட்டது என்று கடைக்கு ஓடுவார்கள், பாவம். கர்னல் துவங்கும்போது 8250 டிரைவருக்கு எத்தனை யூஆர்ட் என்று ஒரு வரி சொன்னால் போதும்.

மூன்று, கடிகாரம். வழக்கமான 1.8432 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்குப் பதில் சில கார்டுகளில் எட்டு மடங்கான 14.7456 இருக்கும். டிரைவருக்கு இது தெரியாவிட்டால் 9600 என்று கேட்டால் 76800ல் ஓடும், திரையில் குப்பைதான் வரும். கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்துப் பலன் இல்லை. செட்சீரியல் கட்டளையில் அடிப்படை வேகத்தைச் சொன்னால் சரியாகிவிடும்.

நான்கு, சோதனை. இரண்டாவது, மூன்றாவது ஊசிகளை இணைத்துவிட்டால் அனுப்பிய எழுத்து திரும்பி வர வேண்டும். இதை ஒவ்வொரு போர்ட்டாகச் செய்தால் போதாது. எட்டையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஒரு இரவு ஓடவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு கேபிளிலும் எண்ணை எழுதி ஒட்ட வேண்டும்.

யுஎஸ்பி கன்வெர்ட்டருக்கு இடமே இல்லையா? உண்டு. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் ஒரு ரவுட்டரைச் சரிசெய்ய அதுதான் கைகொடுக்கும். கார்டுக்கு அங்கே சொருக இடமே கிடையாது. பெயர் மாறும் பிரச்சினையையும் யுடெவ் விதி எழுதி ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் விருந்தாளி படுக்கிற பாயை வீட்டுக்கு அஸ்திவாரமாகப் போட முடியாது. எட்டு கருவிகளை நம்பி ஒரு பட்டறையோ லேபோ ஓடும்போது கேட்க வேண்டியது "எது சீக்கிரம் மாட்டலாம்?" என்பதல்ல. "ஐந்து வருடம் கழித்து, விற்றவனும் இல்லை, மாட்டியவனும் இல்லை, அப்போது இதை எழுப்ப முடியுமா?" என்பதுதான்.

வேகமாக மாட்டியதற்கு யாரும் மாலை போடப் போவதில்லை. அது நின்றுபோகிற அன்றைக்குத்தான் மாட்டியவனின் பெயரை எல்லோரும் நினைப்பார்கள்.