மிச்சம் எவ்வளவு?

கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்ட், டைப்பிங், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் உண்டு. சுற்றிலும் கல்லூரிகள் இருப்பதால் ஏப்ரல், மே வந்தால் புராஜெக்ட் ரிப்போர்ட்தான். பிள்ளைகள் லேப்டாப்பையும் கையோடு தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்படித்தான் போன வாரம் ஒரு பெண் வந்தாள். அவள் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப் அது. விண்டோஸ் எப்போதோ படுத்துவிட, யாரோ லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பென் டிரைவிலிருந்து வீடியோவை ஏற்றினால் பாதியில் நின்றுபோய் இடமில்லை என்கிறது. அவள் கேட்டது இவ்வளவுதான்: "அண்ணா, இதுல சி டிரைவ் எங்க இருக்கு? எவ்ளோ காலியா இருக்குன்னு எங்க பாக்கணும்?"

இதற்குப் பதில் சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆனது. பத்து வருடத்துக்கு மேலாக லினக்ஸிலேயே கடை நடத்துகிறவன் நான். மொட்டைமாடியில் சின்டெக்ஸ் தொட்டியை விரலால் தட்டினாலே தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தெரிகிறது. ஒரு டிஸ்கில் எவ்வளவு மிச்சம் என்பதைத் தெரிந்துகொள்ள ஏன் இத்தனை பாடு?

முன்பு இப்படி இல்லை. லினக்ஸில் பலரும் பயன்படுத்தும் மேசைச்சூழலான க்னோமின் 2-ஆம் பதிப்புக் காலத்தில் எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் சன்னலின் அடியில் ஒரு பட்டை இருக்கும். இத்தனை கோப்புகள், இவ்வளவு காலி இடம் என்று அதில் ஒரே வரி. தேட வேண்டியதில்லை, கண் தானாக அங்கே போகும். 2012-இல் வந்த க்னோம் 3.6-இல் அந்தப் பட்டையை எடுத்துவிட்டார்கள். திரை சுத்தமாக இருக்க வேண்டுமாம். பிறகு 'அதர் லொக்கேஷன்ஸ்' என்ற இடத்துக்குப் போனால் காலி இடம் தெரிந்தது. 2024-இல் க்னோம் 47 வந்தபோது அந்த இடமும் போய்விட்டது. மேட், சின்னமன் மேசைச்சூழல்களில் அந்த வரி இன்றைக்கும் அடியில் இருக்கிறது. அதனால் அவற்றின் திரை ஒன்றும் அசிங்கமாகிவிடவில்லை.

சரி, காலி இடத்தைக் காட்டும் கருவிகளாவது ஒத்த எண்ணைச் சொல்கின்றனவா? 500 ஜிபி டிஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபைல் மேனேஜர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது. டெர்மினலில் 'டிஎஃப்' கட்டளைக்கு 'ஹெச்' சேர்த்துப் போட்டால், அது 1024 கணக்கில் எண்ணி 465-க்கும் கீழே ஓர் எண்ணைக் காட்டுகிறது. இரண்டு கணக்குக்கும் வேறு வேறு பெயர் வேண்டும் என்று 1998-லேயே சர்வதேசத் தரம் வகுத்தாயிற்று. ஆனாலும் டிஎஃப் வெறும் 'ஜி' என்றுதான் போடுகிறது. மொத்தத்தில் செலவானதைக் கழித்தால் மிச்சம் வர வேண்டும் அல்லவா? அதுவும் வராது. ஈஎக்ஸ்டி4 முறையில் டிஸ்கைத் தயார் செய்யும்போதே நூற்றுக்கு ஐந்து பங்கை ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கென ஒதுக்கி வைக்கிறது. 500 ஜிபியில் அது 25 ஜிபி. டிஸ்க் நிரம்பினாலும் இயந்திரம் முடங்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டாமா? உபுண்டுவில் இன்னொரு பயமுறுத்தலும் உண்டு. ஸ்னாப் வழியாகப் போட்ட ஒவ்வொரு மென்பொருளும் டிஎஃப் பட்டியலில் தனி டிஸ்க் போல நிற்கும், ஒவ்வொன்றும் 100 சதவீதம் நிரம்பியதாக. அவை படிக்க மட்டுமே ஆனவை, எப்போதும் அப்படித்தான் இருக்கும். புதிதாக வந்தவருக்கு இது எப்படித் தெரியும்?

என் கடையில் தினமும் நடக்கும் ஒரு வேதனை பென் டிரைவ். 8 ஜிபி பென் டிரைவில் பழைய படங்களை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றப் பார்ப்பார்கள். திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை, ஆனால் இடமும் இல்லை. அழித்த கோப்புகள் அதே பென் டிரைவில், புள்ளியில் தொடங்கும் பெயருடைய ஒரு மறைந்த குப்பை ஃபோல்டரில் அப்படியே கிடக்கின்றன. கன்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்தினால்தான் அது கண்ணுக்குத் தெரியும். குப்பைத் தொட்டியைக் காலி செய்தால்தான் இடம் திரும்பும். இது தெரியாமல் 'பென் டிரைவ் போச்சுண்ணா' என்று சொல்லிவிட்டுப் புதியது வாங்கக் கிளம்பிய பிள்ளைகளை நான் தடுத்து நிறுத்தியிருக்கிறேன். முந்நூறு, நானூறு ரூபாய் அவர்களுக்குச் சின்னத் தொகை இல்லை.

இவர்கள் யாரும் லினக்ஸைத் தேடிப் போனவர்கள் இல்லை என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. 2011 செப்டம்பர் 15-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, அந்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடித்தளமாக வைத்து சி-டாக் உருவாக்கிய நம் நாட்டு லினக்ஸ் அது. இங்கே ரயிலேறினால் ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம், சானடோரியம் தாண்டிக் குரோம்பேட்டை. அங்கே எம்ஐடி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்து, கட்டற்ற மென்பொருளுக்கென 2005-இல் ஒரு தேசிய மையத்தையே நடத்தத் தொடங்கின. இந்த ரயில் பாதையில் அவ்வளவு வேலை நடந்திருக்கிறது. ஆனால் கடையில் என் எதிரே நிற்கும் பிள்ளைக்கு மிச்ச இடம் எங்கே என்று தெரியவில்லை. தெரியாததால் என்ன செய்கிறார்கள்? யாரிடமாவது கொடுத்து ஃபார்மட் அடித்துத் திருட்டு விண்டோஸ் போட்டுக்கொள்கிறார்கள். அதோடு அக்காவின் பழைய படங்களும் போய்விடுகின்றன.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஃபோல்டருக்குள் காலியான இடத்தில் வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' பாருங்கள், காலி இடம் அங்கே இருக்கும். எந்த ஃபோல்டர் இடத்தைத் தின்கிறது என்று அறிய 'டிஸ்க் யூசேஜ் அனலைசர்' போதும். டிஸ்க் எத்தனை பிரிவாக இருக்கிறது என்பதை 'டிஸ்க்ஸ்' காட்டும். அதில் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஃபார்மட் பக்கம் கை போக வேண்டாம். மேசைச்சூழல்களில் வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளைகளே, அந்த ஒரு வரியைத் திரும்பக் கொண்டுவாருங்கள், தமிழில் கொண்டுவாருங்கள். 'காலி இடம்' என்ற இரண்டு சொல்லும் ஓர் எண்ணும் போதும்.

அந்தப் பெண்ணின் திரையில் இடப்பக்கம் '240 ஜிபி வால்யூம்' என்று ஒரு பெயர் இருந்தது. அக்காவின் பழைய டி டிரைவ். சொடுக்கினால்தான் அது ஏறும், ஏறினால்தான் கணக்கைக் காட்டும். அவள் அதை ஒருமுறைகூடச் சொடுக்கியதில்லை. நான் சொடுக்கினேன். அதில் 190 ஜிபி காலியாக இருந்தது.