பள்ளத்தை மூடுமுன்

துமகூரு மாவட்டம் பாவகடா தாலுகாவில் ஐந்து கிராமங்களைச் சேர்ந்த சுமார் 13,000 ஏக்கரில் அமைந்த 2,050 மெகாவாட் சூரிய மின் பூங்கா, 2019 டிசம்பரிலிருந்து முழு அளவில் இயங்கி வருகிறது. மழை பொய்த்து நிலக்கடலை கருகும்போதெல்லாம் பெங்களூருக்குப் பஸ் ஏறியவர்களின் தாலுகா அது. அங்கே நிலத்தை விலைக்கு வாங்கவில்லை. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டாண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு என்று 28 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார்கள். நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கிறது. நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால், 2040களில் அந்த நிலம் உரியவர் கைக்குத் திரும்பியாக வேண்டும்.

எந்த நிலையில் திரும்பும்? தகடுகளையும் இரும்புக் கால்களையும் கழற்றி எடுத்துப் போய்விடலாம். மண்ணுக்குள் கிடக்கும் கேபிள்தான் நமது கவலை. இத்தகைய பண்ணைகளில் தகட்டிலிருந்து இன்வர்ட்டருக்கும், டிரான்ஸ்பார்மருக்கும், துணைமின் நிலையத்துக்கும் மைல் கணக்கில் கேபிள் புதைக்கப்படுகிறது.

இப்போது அந்தப் பள்ளங்களைத் தோண்ட டிரெஞ்சர் இயந்திரம் வந்துவிட்டது. பல் வைத்த சங்கிலி, மரமறுக்கும் ரம்பம் போல மண்ணை அறுத்துக்கொண்டே போகும். பாறை நிலத்துக்குக் கடினமான உலோகப் பற்கள் கொண்ட சக்கரம் உண்டு. மண்வெட்டிக்கு மாதக்கணக்கில் பிடிக்கும் வேலை சில நாளில் முடிகிறது. ஜே.சி.பி. வாளியைப் போல அகலமாகப் பிளக்காமல் குறுகலாகக் கீறுவதால் நிலத்துக்கும் சேதம் குறைவு. இயந்திரத்தை நாம் குறை கூறவில்லை.

அதன் வேகத்தை மேற்பார்வை எட்டிப்பிடிக்கிறதா என்பதே கேள்வி. முன்னே பள்ளம், பின்னே கேபிள், அதன் பின்னே மண். மாலையில் வரும் அதிகாரிக்குப் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமிராது. ஐ.எஸ். 1255 என்ற இந்தியத் தர நிர்ணய விதி, தாழ்வழுத்தக் கேபிளுக்கு 75 சென்டிமீட்டர், 11 கிலோவோல்ட் வரை 90 சென்டிமீட்டர், 33 கிலோவோல்ட்டுக்கு 105 சென்டிமீட்டர் ஆழம் வேண்டுமென்கிறது. கேபிளுக்கு அடியிலும் மேலும் மணல் வேண்டும். பாறையை அறுத்த கூர்கற்களையே திரும்பக் கொட்டினால் மேலுறை கிழியும்; நீர் இறங்கும்; சில மழைக்காலம் கழித்துக் கேபிள் எரியும். மண்ணைச் சரியாக இறுக்காவிட்டாலும் ஆபத்துத்தான். உச்சி வெயிலில் மின்னோட்டம் அதிகம். அப்போது பிறக்கும் வெப்பத்தை உலர்ந்த, பொலபொலத்த மண் வெளியே விடாது. பிறகு பழுதைத் தேடி மறுபடியும் தோண்ட வேண்டியதுதான். தார் போட்ட மறுவாரமே சாலையை வெட்டுவதைப் பார்த்துப் பழகிய பெங்களூர்வாசிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை!

விவசாயிக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் மேல்மண். இயந்திரம் வளமான மேல்மண்ணையும் அடியிலுள்ள சரளையையும் கலந்து வெளியே தள்ளுகிறது. மேல்மண்ணை முதலில் வழித்துத் தனியே குவித்து, கடைசியில் மேலே பரப்ப வேண்டும். செலவு அதிகமில்லை, பொறுமைதான் வேண்டும்.

விதிப்படி புதைத்த கேபிள் உழவுக்கு எட்டாத ஆழத்தில் இருப்பது உண்மையே. ஆனால் நிலம் திரும்பிய பிறகு விவசாயி பண்ணைக் குட்டை வெட்டுவார், குழாய் பதிப்பார். கேபிள் எங்கே போகிறதென்று அவருக்கு யார் சொல்வது? புதைத்தவர்களின் கம்பெனி அன்று அதே பெயரில் இருக்குமா என்பதே நிச்சயமில்லை.

2025 ஜனவரியில் நாட்டின் சூரிய மின் திறன் 1,00,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இன்னும் பல ஊர்களின் நிலம் இதற்குப் போகும். இனி போடும் குத்தகைப் பத்திரங்களில், கேபிளை எடுத்துப் போவது யார் பொறுப்பு, யார் செலவு என்று எழுத வேண்டும். பள்ளத்தை மூடுமுன் அளந்து படமெடுத்து, தடத்தின் வரைபடத்தில் ஒரு பிரதியை நிலத்துக்காரரிடமும் மற்றொன்றைக் கிராமப் பஞ்சாயத்திடமும் கொடுக்க வேண்டும். அந்த வரைபடம் பஞ்சாயத்துக்கு வந்து சேரும்வரை காண்டிராக்டரின் கடைசி பில்லை அரசு நிறுத்தி வைக்கட்டும்.