ஹம்பிக்கு ஒரு பகல் போதுமா?

பெரு நாட்டு மச்சு பிச்சுவைக் காண வேண்டுமென்று மண்டி மொஹல்லாவில் என் அறைத்தோழர்கள் ஓயாது பேசுகிறார்கள். பேசட்டும், பேச்சுக்குக் கட்டணமில்லை! மாலையில் மைசூரில் இரயிலேறினால் மறுநாட்காலை ஹொசபேட்டை. அங்கிருந்து ஹம்பி கூப்பிடு தூரம். அந்த ஹம்பிக்கு நம் சங்கச் சுற்றுலாவில் ஒரே பகல் ஒதுக்கியிருக்கிறார்களே, இது நியாயமா?

"அது கன்னடர், தெலுங்கர் வரலாறு, நமக்கென்ன?" என்றார் ஒரு தோழர். அன்பரே, காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் பெரிய கோபுரத்தை எழுப்பியவர், ஹம்பியிலிருந்து ஆண்ட கிருஷ்ணதேவராயரல்லவா? மதுரை நாயக்கர்கள் முதலில் யாருடைய ஆளுநர்கள்? 1565-இல் தலைக்கோட்டைப் போருக்குப்பின் அந்நகர் பாழானது. படிப்புக்காகக் கன்னட நாட்டில் வாழும் நாம் அதை அயலார் கதையென்று ஒதுக்கலாமா?

மூன்று நாள் வேண்டும். விருபாட்சர், விட்டலர் கோயில்களுக்கு ஒன்று. அரண்மனைப் பகுதிக்கு ஒன்று. துங்கபத்திரையைக் கடந்து ஆனெகுந்திக்கு ஒன்று. பாறைகளையும் பாருங்கள் (நிலவியல் மாணவன் வேறென்ன சொல்வான்!). ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையான கருங்கல் அது. வெடிப்புகளில் நீர் புகுந்து அரித்து அரித்தே, யாரோ அடுக்கிவைத்தாற்போல் உருண்டு நிற்கிறது.

கோடை வேண்டாம்; தை மாதம் ஏற்றது. செலவு கூடுமென்பார்கள். ஆண்டு விழா விருந்தில் இரண்டு இனிப்பைக் குறைத்துக்கொள்வோமே! அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகவே முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.