சம்பந்தி ஒரு எம்டன்!

சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு கல்யாணம். "மாமனார் எம்டனாச்சேடி, ஜாக்கிரதை!" என்றாள் அத்தை. மணப்பெண்ணின் முகம் வாடியது. வாண்டுகளுக்கோ ஒரே சிரிப்பு. டெலிவிஷனில் 'எம் மகன்' பார்த்தவர்களாயிற்றே! 2006-ல் வந்த அந்தப் படத்துக்கு முதலில் வைத்த பெயர் 'எம்டன் மகன்'. கண்டிப்பான அப்பாதான் எம்டன்!

நிஜ எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைமீது குண்டு பொழிந்தது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, உயிர்கள் போயின, ஜனங்கள் மூட்டை கட்டினார்கள். அந்த நடுக்கம்தான் இன்று நமக்குச் சிரிப்பு.

ஆனால் கப்பல் தலைவர் முல்லர், கைதிகளைக் கண்ணியமாக நடத்தியவர், எதிரிகளே புகழ்ந்தார்கள். சம்பந்திமார்களே, உங்கள் மருமகள் கைதிகூட இல்லை. அந்தக் கண்ணியமாவது அவளுக்குக் கிடைக்க வேண்டாமா?