வைரஸ் கார்டைத் தூங்க வைத்துவிட்டு

கோமாரியில் வீட்டு லெப்டொப் குழப்படி செய்யத் தொடங்கினால் பஸ் ஏற வேண்டும். தெற்கே பொத்துவில்; வடக்கே திருக்கோவில், அக்கரைப்பற்று; அதிலும் மனம் ஆறாவிட்டால் கல்முனை. எந்த ஊர்க் கடையானாலும் மேசையில் வைத்ததும் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, விண்டோஸைப் புதுசா அடிச்சு, நல்ல வைரஸ் கார்ட் ஒண்டும் போட்டுத் தாங்க." தம்பி இரண்டையும் செய்து வைப்பார். கஸ்பர்ஸ்கி திறமா, ஈசெட் திறமா, அவாஸ்ட் போதுமா என்ற விவாதம் பக்கத்தில் நிற்பவரோடு நடக்கும். பின்னேரம் காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போகலாம்.

அந்த இரண்டு வேலைகளில் முதலாவது செய்யப்படும் விதமே இரண்டாவதைப் பயனற்றதாக்கிவிடுகிறது. எந்த வைரஸ் கார்ட் என்ற கேள்விக்கு முன்னால் பார்க்க வேண்டியது அதைத்தான்.

நம் பகுதி வீடுகளில் ஓடும் விண்டோஸில் பெரும்பகுதி காசு கொடுத்து வாங்கியதல்ல. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பின் பட்டியல் விலை 139 டொலர். டொலர் 300 ரூபாவை ஒட்டி நிற்கையில் அது 40,000 ரூபாவைத் தாண்டிவிடும். பாவித்த லெப்டொப் ஒன்றை முக்கித்தக்கி வாங்கிய குடும்பத்திடம் இன்னொரு 40,000 கேட்பது நடக்காத காரியம். ஆகவே கடையில் 'அக்டிவேட்டர்' என்ற சின்ன நிரல் ஒன்று ஓடுகிறது. அதோடு வரும் வழிகாட்டலில் முதல் வரியே, வைரஸ் கார்டை நிறுத்துங்கள் என்பதுதான். நிறுத்தாவிட்டால் விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் டிஃபென்டர் அந்த நிரலைப் பிடித்து அழித்துவிடும். சில அக்டிவேட்டர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், தாங்கள் குடியிருக்கும் கோப்புறையை இனி ஒருபோதும் சோதிக்க வேண்டாமென்று டிஃபென்டரின் விலக்குப் பட்டியலில் எழுதியும் வைத்துவிடுகின்றன. கணினி வீடு திரும்பும்போது காவல்காரர் வாசலில்தான் நிற்கிறார். பின்கதவால் வருகிறவரைப் பார்க்கக் கூடாது என்று மட்டும் அவருக்கு உத்தரவு.

இந்தப் பின்கதவை அறிந்தே அதன் ஓரத்தில் கடை விரித்தவர்கள் உண்டு. கேஎம்எஸ்பிக்கோ என்ற பிரபலமான அக்டிவேட்டரின் பெயரில் உலவும் நிறுவிகளுக்குள் கிரிப்ட்பொட் என்ற களவு நிரல் ஒளிந்து வருவதை 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் விளக்கமாக வெளியிட்டது. உலாவியில் நாம் சேமித்து வைக்கும் கடவுச்சொற்கள்தான் அதன் இலக்குகளில் முதன்மையானவை. வீட்டுக் கணினிகளை இன்னும் மோசமாகப் பாழாக்கியது ஸ்டொப் என்றும் டிஜேவியூ என்றும் அழைக்கப்படும் ரான்சம்வெயார். பெரிய கம்பனிகள் அதற்குப் பொருட்டல்ல. மாணவர்களும் வீட்டுக்காரர்களும்தான் அதன் இரை. பரவிய வழி, கிராக் செய்த மென்பொருள்களும், கள்ளச் சாவி உருவாக்கும் கீஜென்களும். இருக்கும் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு 980 டொலர் கேட்கும்; 72 மணித்தியாலத்துக்குள் தந்தால் பாதிவிலை, 490. நம் காசில் ஒன்றரை இலட்சம் வரை. 2019 ஒக்டோபரில் எம்சிசொஃப்ட் நிறுவனம் இலவசத் திறப்பான் ஒன்றை வெளியிட்டது. பழைய வகைகளுக்கே அது பெரும்பாலும் பலித்தது. பிறகு வந்தவற்றில், கணினி இணையத்தோடு இணைந்திருந்த நேரம் பூட்டப்பட்ட கோப்புகளுக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

விண்டோஸோடு நிற்பதுமில்லை. எம்.எஸ். ஒஃபிஸ், ஃபொட்டோஷொப், ஐடிஎம் என்று கிராக் வரிசை நீளும். உச்சம் எதுவென்றால், வைரஸ் கார்டையே கிராக் செய்து போடுவது. கள்ளச் சாவியால் கதவைத் திறந்து காவலுக்கு ஆள் வைக்கும் இந்தக் காரியத்தை நம் ஊர்கள் சர்வ சாதாரணமாகச் செய்கின்றன.

சரி, 40,000 ரூபாவுக்கு எங்கே போவது? பல வீடுகளில் போகவே தேவையில்லை என்பதுதான் இதில் எரிச்சலூட்டும் பகுதி. விண்டோஸ் 8 காலத்திலிருந்து டெல், எச்பி, லெனோவோ போன்ற நிறுவனங்கள் விண்டோஸோடு விற்ற லெப்டொப்களில் உரிமச் சாவி தாய்ப்பலகையின் நினைவகத்திலேயே பதியப்பட்டிருக்கும். கட்டாரிலோ சவூதியிலோ மகன் வாங்கி அனுப்பிய, விசைப்பலகையில் அரபெழுத்து அடித்த இயந்திரமும் அப்படித்தான். வெளிநாட்டு அலுவலகங்களில் கழித்து இங்கே இறக்குமதியாகும் பாவித்த இயந்திரங்களில் பலவும் அப்படித்தான். அதே பதிப்பை மைக்ரோசொஃப்ட்டின் தளத்திலிருந்து இறக்கி நிறுவினால், இணையத்தில் இணைந்ததும் தானாகவே செயற்பட்டுவிடும். ஒரு ரூபா செலவில்லை. ஹோம் உரிமம் உள்ள இயந்திரத்தில் பழக்கதோஷத்தால் புரோ பதிப்பை அடித்து, அது செயற்படவில்லையென்று அக்டிவேட்டரை ஓட்டுவதுதான் நடப்பது. உங்கள் கணினியின் செட்டிங்ஸில் அக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் சேவை வழியாகச் செயற்படுத்தப்பட்டது என்று அங்கே ஆங்கிலத்தில் இருந்தால், வீட்டுக் கணினிக்கு ஏது நிறுவனம் என்று கடையில் கேட்கலாம். எல்லாக் கிராக்கும் அப்படிக் காட்டிக்கொடுக்காது. காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

இனி அந்தக் கேள்விக்கு வரலாம். எது நல்லது?

ஜெர்மனியின் மாக்டபேர்க் நகரில் ஏவி-டெஸ்ட், ஒஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் ஏவி-கொம்பரேட்டிவ்ஸ் என்ற இரு நிறுவனங்கள் பல ஆண்டுகளாக வைரஸ் கார்ட்களை வரிசையாகச் சோதித்துப் புள்ளி போடுகின்றன. பத்து வருடங்களுக்கு முன் டிஃபென்டர் அந்தப் பட்டியல்களில் கடைசி வாங்கில் இருந்தது உண்மை. இன்று ஏவி-டெஸ்டின் 18 புள்ளிகளில் 18ஐயோ அதை ஒட்டியோ வழக்கமாகப் பெறுகிறது. காசு கொடுத்து வாங்குபவற்றுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி வீட்டுப் பாவனைக்குப் பொருட்படுத்தத் தக்கதல்ல. கடையில் வாங்கிய லெப்டொப்போடு ஒட்டிவந்த மெக்கஃபி, தவணை முடிந்து மாதக்கணக்காக மூலையில் கத்திக்கொண்டிருந்தால் அதை நீக்கிவிடுங்கள். டிஃபென்டர் தானாக எழுந்து வேலையைப் பொறுப்பேற்கும். இரண்டு வைரஸ் கார்ட் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்பது வெறும் நம்பிக்கை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் அது இரட்டைத் தாமதம்.

டிஃபென்டருக்கு ஒரு குறை உண்டு. கொழும்பில் இருப்பவரைவிடக் கோமாரியில் இருப்பவரை அது அதிகம் தொடும். சந்தேகமான கோப்பைக் கண்டால் மைக்ரோசொஃப்ட்டின் சேவையகங்களை இணையத்தில் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் முறையில்தான் அதன் பலத்தில் பெரும்பகுதி இருக்கிறது. இணையத்தைத் துண்டித்துவிட்டுச் சோதித்தால் அதன் கண்டுபிடிப்பு கணிசமாகக் குறைவதை ஏவி-கொம்பரேட்டிவ்ஸ் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஃபோனில் ஹொட்ஸ்பொட் போட்டு லெப்டொப் பாவிக்கும் வீட்டில், மாதக் கடைசியில் டேட்டா முடிந்த பிறகு, கொமினிகேஷனில் அசைன்மென்ட் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்த பென் ட்ரைவைச் செருகும் அந்த நிமிடம்தான் பலவீனமான நிமிடம். பென் ட்ரைவைச் செருகியதுமே வைரஸ் தானாக ஓடுவதை விண்டோஸ் 7 நிறுத்திவிட்டது. எக்ஸ்பி, விஸ்டா இரண்டிலும் 2011 பெப்ரவரி மேம்படுத்தலோடு அது நின்றது. ஆனால் கோப்புறை போலவே தோன்றும் ஷோர்ட்கட்டை நாமே இரட்டைக் கிளிக் செய்து திறந்துவிடும் வித்தை இன்னும் பலிக்கிறது. எப்போதாவதுதான் இணையம் கிடைக்கும் வீடென்றால், இணையமின்றியும் நன்கு கண்டுபிடிக்கும் பிட்டிஃபென்டரின் இலவசப் பதிப்பைப் பற்றி யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. டிஃபென்டரிலேயே இருப்பவர்கள், அதன் புதிய வைரஸ் பட்டியலை மைக்ரோசொஃப்ட் தனிக் கோப்பாகவும் வெளியிடுவதை அறிந்துவைக்கலாம். வேறோரிடத்தில் இறக்கி, பென்னில் கொண்டுவந்து ஓட்டலாம்.

டேட்டாவை மிச்சம் பிடிக்க விண்டோஸ் அப்டேட்டையே நிறுத்திவைக்கும் பழக்கம் வேறு இருக்கிறது. 2017 மே 12ஆம் திகதி உலகெங்கும் பரவி, பிரித்தானிய மருத்துவமனைகளையே முடக்கிய வொன்னாக்ரை ரான்சம்வெயார் புகுந்த ஓட்டைக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சிலேயே, மைக்ரோசொஃப்ட் ஒட்டுப் போட்டிருந்தது. மாட்டியவை அப்டேட் செய்யாத கணினிகள். நம் இணையப் பொதிகள் பலவற்றில் நள்ளிரவுக்குப் பின்னான டேட்டா தனிக் கணக்கு. பல வீடுகளில் அது தொடப்படாமலே காலாவதியாகிறது. கணினியை அந்த நேரத்தில் இயங்கவிட்டால் அப்டேட்டுக்குப் பகல் டேட்டா போகாது.

இலவச வைரஸ் கார்ட் என்றதும் எல்லார் வாயிலும் வருவது அவாஸ்ட். அதன் துணை நிறுவனமான ஜம்ப்ஷொட், பாவனையாளர்கள் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற விபரத்தை நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்றது. 2020 ஜனவரியில் பத்திரிகைகள் அம்பலப்படுத்தியதும் அதை மூடினார்கள். 2024 பெப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 16.5 மில்லியன் டொலர் கட்டவைத்தது. நாம் எந்த நோய்க்கு மருந்து தேடினோம், எந்தக் கடனுக்கு வழி தேடினோம் என்பதையெல்லாம் நமக்குக் காவல் நின்றவரே விற்ற கதை இது. அவாஸ்ட், ஏவிஜி, அவீரா, நோட்டன் என்று பெட்டிகளில் நான்கு பெயர் இருந்தாலும் இன்று நான்குக்கும் உரிமையாளர் ஜென் டிஜிட்டல் என்ற ஒரே கம்பனி. கஸ்பர்ஸ்கியின் கதை வேறு. அதன் விற்பனையை அமெரிக்கா 2024இல் தடை செய்தது. காரணம் சொல்லப்பட்டது ரஷ்ய அரசின் பிடிக்குள் அது இருக்கிறது என்ற அச்சம். கோமாரியில் ஆசிரியராகவோ விவசாயியாகவோ இருப்பவரை மொஸ்கோ வேவு பார்க்கும் என்று நான் பயப்பட மாட்டேன். சந்தாவைக் கட்டுவதற்கு அவசியம் இருக்கிறதா என்பதே என் சந்தேகம். தமிழர் ஒருவர் செய்ததை வாங்கிப் பார்ப்போம் என்பவர்களுக்குச் சென்னையின் கே7 இருக்கிறது. கேசவர்தனன் தொடங்கிய அந்த நிறுவனம் ஜப்பானியச் சந்தையில் பெரிய இடம் பிடித்தது. பெருமைப்படலாம். பெருமைக்காகக் காசு கட்ட வேண்டியதில்லை.

இதைவிட அவசரமான விடயம் விண்டோஸ் 10. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு அதற்கான வழமையான பாதுகாப்பு மேம்படுத்தல்கள் நின்றுவிட்டன. டிஃபென்டருக்கான வைரஸ் பட்டியல் 2028 ஒக்டோபர் வரையாவது வருமென்று மைக்ரோசொஃப்ட் சொல்லியிருப்பதைப் பார்த்துச் சிலர் நிம்மதியடைகிறார்கள். பட்டியல் வரும், விண்டோஸில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடா. 2026 ஒக்டோபர் வரை நீட்டிக்கும் ஒரு திட்டம் இருக்கிறது. மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அங்கே சேமிக்கச் சம்மதித்தால் அது காசில்லாமலே கிடைக்கும். பாவித்த லெப்டொப் வாங்கும்போது இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதென்றால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது என்பதை விலை பேசும் முன்பே தெரிந்துவைத்திருங்கள். ஏறாத இயந்திரத்துக்கு லினக்ஸ் மின்ட் ஒரு வழி. பாமினி எழுத்துருவில் வருடக்கணக்காகத் தட்டச்சு செய்த வினாத்தாள்கள் திறக்குமா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். எழுத்துருக் கோப்பைப் பிரதி செய்து போட்டால் லிப்ரே ஒஃபிஸில் திறக்கும். அட்டவணைகள் கொஞ்சம் இடம்மாறும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் மாட்டலாம் என்பதற்கு அரசாங்கமே சாட்சி. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணிமைச் சேவை ரான்சம்வெயாருக்கு இரையானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போனது போனதுதான். அங்கே ஓடியது அந்த ஏப்ரலிலேயே ஆயுள் முடிந்த, எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மைக்ரோசொஃப்ட் மின்னஞ்சல் மென்பொருள். புதுப்பிக்கத் திட்டம் இருந்தும் பணமில்லையென்று தள்ளிப்போயிருந்தது. மின்னஞ்சல் சேவை விரைவில் மீண்டும் எழுந்தது. ஆனால் இணைப்பில் இருந்த காப்புப் பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டதால், தனியே கழற்றி வைக்கப்பட்ட பிரதி இல்லாத அந்த மாதங்கள் திரும்பவில்லை.

பிரதி இல்லாத இழப்பு நமக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நம் அம்பாறை, 10,000க்கும் மேற்பட்டவர்கள். தப்பியவர்களிலும் எத்தனையோ பேருக்குப் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு எல்லாம் ஒரே அலுமாரியோடு போயின. பிறகு நடமாடும் சேவைகளிலும் பிரதேச செயலக வாசல்களிலும் காத்துக்கிடந்தது இந்தக் கரைக்கு மறக்காது. இன்று அதே பத்திரங்களை ஸ்கேன் செய்து ஒரே லெப்டொப்பில் வைத்திருக்கிறோம். வைரஸ் கார்ட் சந்தாவுக்கு ஒதுக்கிய காசை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் போடுங்கள். பிரதி எடுத்ததும் கழற்றுங்கள். செருகியபடியே விட்டால் ரான்சம்வெயார் அதையும் பூட்டும். கடற்கரை ஓரத்து வீடென்றால் கடலுக்குத் தூரமாக இருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள்.

கடைகளுக்கும் ஒன்று. எங்கள் பிள்ளைகள் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படித்துப் பரீட்சையும் எழுதுகிறார்கள். ஆனால் ஒரு வீட்டின் கணினி எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது பொத்துவில், அக்கரைப்பற்றுக் கடைத் தம்பிமார்தான். பில்லில் 'விண்டோஸ் + வைரஸ் கார்ட்' என்று எழுதுவதற்குப் பதிலாக, இயந்திரத்தின் சொந்த உரிமம் போடப்பட்டதா, டிஃபென்டர் இயங்குகிறதா, விலக்குப் பட்டியல் வெறுமையா என்ற மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தரலாம். அந்த வேலைக்குக் கூடுதலாக ஐந்நூறு ரூபா கேட்டாலும் பேரம் பேசாமல் கொடுக்கலாம்.